பதினொன்றாம் அத்தியாயம்

ஆக்ஸ்ஃபோர்டு
1409, புனித மிக்கேல் திருநாள்

மாக்னா,

இந்தக் கடிதத்தோடு ஒரு மூட்டை வரும். கொண்டுவருபவர் நியூரம்பர்க் துணி வியாபாரி. நிறையப் பேசுவார். அதைக் காதில் வாங்காமல் முடிச்சை மட்டும் பார். என் மோதிர முத்திரை உடையாமல் இருந்தால் வாங்கிக்கொள்.

உள்ளே நூற்றெண்பது தோல் ஏடுகள் இருக்கின்றன. இரண்டு குளிர்காலம் உட்கார்ந்து எழுதினேன். ஜான் விக்ளிஃபின் பெரிய புத்தகம். பிராகில் பாதிப் பேர் அவர் பெயரைச் சொல்லி வாதாடுகிறார்கள், மீதிப் பேர் அவர் பெயரைச் சொல்லித் திட்டுகிறார்கள். ஆனால் நம் பல்கலைக்கழகத்தில் இந்தப் புத்தகத்தை முழுதாகக் கண்ணால் பார்த்தவர் ஒருவர்கூட இல்லை. யாரோ எழுதிய குறிப்பிலிருந்து யாரோ எடுத்த பகுதிகளை வைத்துக்கொண்டுதான் இத்தனை சண்டையும். முழுப் பிரதி ஒன்று பிராகுக்கு வருவது இதுவே முதல் தடவை.

மூலம் ஒரு கிராமத்துப் பாதிரியாரிடம் இருந்தது. பெயர் ஹியூ. அவர் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்துதான் எழுதினேன். முதல் நாள் அவர் கேட்டார்: "உங்க ஊர்ல இதையெல்லாம் படிக்கிறாங்களா? அவரு செத்து இருபது வருஷத்துக்கு மேல ஆச்சுப்பா. இங்க அவரு பேரைச் சொன்னாலே கதவைச் சாத்துறாங்க."

"எங்க ஊர்ல கதவைத் திறந்து வச்சுக்கிட்டு அடிச்சுக்கிறாங்க சாமி" என்றேன்.

ஒரு விஷயத்தை மறக்காதே. மூலத்தில் ஈரம் ஏறி அங்கங்கே எழுத்து போய்விட்டது. அந்த இடங்களை வெற்றாக விட்டிருக்கிறேன். மூன்று நாள் நடைத்தூரத்தில் இன்னொரு பிரதி இருக்கிறதாம். அதோடு ஒப்பிட்டுத் திருத்தங்களை எழுதிக்கொண்டு நானே வருவேன். அதுவரை யாரும் இதைப் பார்த்துப் பிரதி எடுக்கக் கூடாது. ஒரு வரிகூட. திருத்தாத பிரதியைப் பார்த்து ஒருவன் எழுதினால் என் பிழைகள் ஊர் முழுக்கப் பரவிவிடும், பிறகு பிடிக்க முடியாது. யார் கேட்டாலும் இல்லை என்று சொல். நீயும் எழுதாதே. உன்னை எனக்குத் தெரியும்.

யேஷெக்


பிராக்
1410, மூன்று அரசர் திருநாளுக்கு மறுநாள்

அண்ணா,

நீ புத்திசாலி என்று அப்பா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். புத்திசாலி, கடிதத்தில் அந்தப் பெயரை எழுதாதே. நான் தங்கியிருக்கும் பெண்கள் இல்லத்தில் எல்லார் கடிதங்களையும் தலைவி பெட்ருஷா அம்மாதான் முதலில் பிரிக்கிறார்.

"யாருடி இந்த ஜான்? மாப்பிள்ளையா?" என்று கேட்டார்.

"செத்துட்டாரும்மா."

"அப்பப் பரவால்ல" என்று கடிதத்தைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

மூட்டை கிறிஸ்துமஸுக்கு முன்பே வந்துவிட்டது. முத்திரை உடையவில்லை. என் கட்டிலுக்கடியில் கம்பளிப் பெட்டியில் இருக்கிறது. ஜெர்மன் ஆசிரியர்கள் மாணவர்களையும் அழைத்துக்கொண்டு லைப்சிக் போனதிலிருந்து இந்தத் தெருவில் பாதி வீடு காலி. புத்தகத்தைத் தேடி இதுவரை யாரும் வரவில்லை.

நான் படித்துவிட்டேன். கோபப்படாதே, எழுதாதே என்றுதான் சொன்னாய். அப்பா உனக்குச் சொல்லிக்கொடுத்த லத்தீனை நான் பக்கத்தில் நூல் நூற்றுக்கொண்டே கேட்டவள். கொஞ்சம் மெதுவாகத்தான் வருகிறது. ஓரத்தில் நீ நம் மொழியில் கிறுக்கிவைத்ததையும் படித்தேன். "இன்றும் பட்டாணிக் கஞ்சி." "விரல் மரத்துவிட்டது." "இந்த ஊர் பீரைக் குதிரைக்குக் கொடுத்தால் உதைக்கும்." போப்பாண்டவரைப் பற்றி நூற்றிரண்டாம் ஏட்டில் நீ எழுதியிருப்பதை நான் இங்கே திருப்பி எழுதப்போவதில்லை.

பதினொன்றாம் அத்தியாயத்தில் நின்றுவிட்டேன். இருந்த எதுவும் இல்லாமல் போவதில்லை என்று சொல்கிறாரே, அந்த அத்தியாயம். கடவுள் ஒரு முறை அறிந்ததை மறப்பதில்லை, அவர் அறிந்திருக்கும் வரை அது இருக்கிறது என்கிறார். இருப்பது கல், குதிரை, மனிதர் என்ற பொது வகை மட்டும்தானா என்று அவரே கேட்டு, இல்லை, இந்தக் கல், இந்தக் குதிரை, இந்தப் பெண், ஒவ்வொன்றும் அதுவாகவே இருக்கிறது என்று பதில் சொல்கிறார். இதைப் படித்தபோது எனக்கு ஓஃப்கா ஞாபகம் வந்தது. நம் தங்கை காய்ச்சலில் போய் எட்டு வருடம் ஆகிறது. நாலு வயதில் போனவளுக்குக் கல்லறையில் பெயர்கூட வெட்டவில்லை. சிலுவை அருகே புதைத்த குழந்தை என்றுதான் கோயில்காரர் சொல்வார். அவளுக்காகப் பூசை வைத்தபோதெல்லாம் எனக்குக் கிடைக்காத ஏதோ ஒன்று அந்த வரியில் கிடைத்தது. இதற்குமேல் சொல்லத் தெரியவில்லை.

அந்த ஒரு அத்தியாயத்தை மட்டும் எழுதிவைத்துக்கொள்ளட்டுமா? ஆறே ஏடு. யாருக்கும் காட்ட மாட்டேன்.

மாக்னா


ஆக்ஸ்ஃபோர்டு
1410, ஈஸ்டருக்குப் பின் இரண்டாம் வாரம்

மாக்னா,

கூடாது. அதுவும் அந்த அத்தியாயம் கூடவே கூடாது. ஈரம் பட்டதில் மோசமான பகுதி அதுதான். நீ தொடர்ச்சியாகப் படித்தேன் என்று நினைப்பது பாதி உன் ஊகமாக இருக்கும். தத்துவத்தை அழுதுகொண்டு படித்தால் இப்படித்தான். பொறு, திருத்தத்தோடு வருகிறேன்.

இரண்டாம் பிரதி இருக்கும் ஊருக்குப் போகப் பனி விடவில்லை. இடது கண்ணில் நீர் வடிகிறது. அடுப்புப் புகையாக இருக்கும்.

பிராகில் பேராயர் அந்த ஆங்கிலேயருடைய புத்தகங்களையெல்லாம் பரிசோதனைக்குக் கொண்டுவந்து ஒப்படைக்கச் சொல்லியிருக்கிறார் என்று லண்டன் வந்த நம் நாட்டுக்காரன் ஒருவன் சொன்னான். நீ பயந்துகொண்டு பெட்டியை வேறிடத்துக்கு மாற்றியிருப்பாய். வேண்டாம். கொடுத்துவிடு. பல்கலைக்கழக வழக்கம் உனக்குத் தெரியாது. எதிர்க்கட்சி கேட்டால் புத்தகத்தைக் கொடுத்தே ஆக வேண்டும். அவர்கள் படித்து, பிழை என்று நினைப்பதை ஓரத்தில் குறித்துத் திருப்பித் தருவார்கள். பிறகு சபையில் வாதம் நடக்கும். என் குறிப்பேடுகள் எட்டுத் தடவை போய்த் திரும்பி வந்திருக்கின்றன. ஒரு தடவை திட்டியவர்கள் என் கணக்குப் பிழையையும் திருத்திக் கொடுத்தார்கள். ஒளித்துவைத்தால்தான் குற்றம். நாம் சொல்வது உண்மையென்றால் அதை அவர்கள் படிக்கட்டும். அவர்கள் படிக்க வேண்டும் என்பதற்காகத்தானே எழுதினேன்.

யேஷெக்


பிராக்
1410, ஜூன், புனித வீத் நாளுக்கு முந்தைய நாள்

அண்ணா,

கொடுத்துவிட்டேன்.

கொடுப்பதற்கு முன் மூன்று பகல் சாளரத்தடியில் உட்கார்ந்து ஓரக் குறிப்புகளைக் கத்தியால் சுரண்டினேன். உன் பெயர் ஏழு இடத்தில் இருந்தது. போப்பாண்டவர் பற்றியது ஆழமாக ஊறியிருந்ததால் அந்த இடத்தில் தோலே மெலிந்துவிட்டது. பீர் பற்றியதை மட்டும் விட்டுவைத்தேன். அதை யாரும் மறுக்கப்போவதில்லை.

நீ சொன்னபடி ஒரு வரிகூட எழுதி எடுக்கவில்லை. ஒரு முறை இறகுப் பேனாவை எடுத்து மைவரை கொண்டுபோனேன். பிறகு வைத்துவிட்டேன். இதையும் உனக்குச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

பேராயர் அரண்மனை வாசலில் வரிசை நின்றது. ஆசிரியர்கள்கூட நின்றார்கள். ஒருவர் தன் புத்தகத்தைப் புது உறை தைத்துக் கொண்டுவந்திருந்தார், திரும்பி வரும்போது அழுக்காகக் கூடாது என்று. என் முறை வந்தது. எழுத்தர் கேட்டார்:

"யாரோடது?"

"எங்க அண்ணனோடதுங்க."

"அவன் எங்க?"

"வெளியூர்ல படிக்கிறார். எப்பத் திருப்பித் தருவீங்க?"

அவர் பக்கத்திலிருந்தவரைப் பார்த்தார். "எப்பன்னு கேக்குது இந்தப் பொண்ணு." பிறகு என்னிடம், "படிச்சு முடிச்சதும்."

"இவ்வளவு புத்தகம் இருக்கே, எத்தனை பேர் படிக்கிறீங்க?"

"உனக்கு எதுக்கும்மா அதெல்லாம்? பின்னாடி ஆள் நிக்குது."

"வாங்கிக்கிட்டதா ஒரு சீட்டாவது எழுதிக் குடுங்க."

"சீட்டு வேண்டியிருக்காது" என்றார்.

அவர் குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. சுவரோரம் புத்தகங்களை விறகு மாதிரி அடுக்கியிருந்தார்கள். மேசைமேல் ஒரு புத்தகம்கூடத் திறந்திருக்கவில்லை.

மாக்னா


பிராக்
1410, ஜூலை 17

அண்ணா,

நேற்று அரண்மனை முற்றத்தின் கதவுகளைப் பூட்டிவிட்டார்கள். உள்ளே இறைப்புகழ் பாடுவது கேட்டது. பிறகு ஊரிலுள்ள கோயில் மணிகள் எல்லாம் அடித்தன, சாவுக்கு அடிப்பது போல. நான் பாலத்தில் நின்றிருந்தேன். தோல் எரிந்தால் இறைச்சி நாற்றம் வரும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

எரிந்தது இருநூறு புத்தகம் என்கிறார்கள். மாணவர்கள் பேராயரைக் கேலி செய்து பாட்டுக் கட்டித் தெருத்தெருவாகப் பாடுகிறார்கள். நல்ல பாட்டு. எல்லாரும் சிரிக்கிறார்கள்.

வேறொன்றும் எழுத முடியவில்லை.

மாக்னா


ஆக்ஸ்ஃபோர்டு
1410, புனித மார்ட்டின் திருநாள்

மாக்னா,

உன் இரண்டு கடிதங்களும் ஒரே நாளில் வந்தன. வந்தபோது நான் இரண்டாம் பிரதியைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருந்தேன். பதினான்கு நாள் உட்கார்ந்து நான்கு ஏடு நிறையத் திருத்தம் எழுதிவந்திருக்கிறேன். மூன்றாம் அத்தியாயம், எட்டாம் வரி, இந்தச் சொல்லுக்குப் பதில் அந்தச் சொல். ஐந்தாம் அத்தியாயம், வெற்றிடத்தில் இந்த ஆறு சொற்கள். இப்படி முந்நூற்றுப் பன்னிரண்டு. அந்த ஏடுகள் இப்போது என் முன்னால் இருக்கின்றன. எதைத் திருத்த?

ஐந்து மாணவர்கள் கொடுக்க மாட்டோம் என்று மறுத்தார்களாமே. அவர்களை யாரும் ஒன்றும் செய்யவில்லையாமே. நீ ஏன் கொண்டுபோய்க் கொடுத்தாய்? எழுத்தரின் குரலே உனக்குப் பிடிக்கவில்லை என்று எழுதுகிறாய். பிடிக்காதபோது மூட்டையைத் தூக்கிக்கொண்டு திரும்பியிருக்க வேண்டியதுதானே. இரண்டு வருடம், மாக்னா. என் கண்.

மறுபடி எழுதலாம் என்று ஹியூ பாதிரியாரிடம் போனேன். வாசலிலேயே நின்று பேசினார். "மேலிடத்து ஆளுங்க வந்து புத்தகத்தை எடுத்துட்டுப் போயிட்டாங்கப்பா. நானே தூக்கிக் குடுத்தேன், பாரமா இருந்துச்சுன்னு." உள்ளே கூப்பிடவில்லை. இரண்டாம் பிரதி இருந்த வீட்டில் இப்போது வேறு யாரோ குடியிருக்கிறார்கள்.

யேஷெக்


பிராக்
1411, பிப்ரவரி, மெழுகுவர்த்தித் திருநாள்

அண்ணா,

"கொடுத்துவிடு. பல்கலைக்கழக வழக்கம் உனக்குத் தெரியாது." "யார் கேட்டாலும் இல்லை என்று சொல். நீயும் எழுதாதே." உன் இரண்டு கடிதங்களிலிருந்து இந்த வரிகளைப் பிழையில்லாமல் பிரதி எடுத்திருக்கிறேன். மூட்டை வந்ததிலிருந்து நான் எடுத்த ஒரே பிரதி இதுதான். ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்.

கோபம் தீர்ந்துவிட்டது. உன்னிடம் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது, அதனால் தீர்த்துக்கொண்டேன்.

ஜனவரியில் பல்கலைக்கழகத்தில் பெரிய வாதம் நடந்தது. நாலு நாள். எரித்த புத்தகங்களின் பக்கம் நின்று ஆசிரியர்கள் ஒவ்வொருவராகப் பேசினார்கள். பெண்களுக்கு உள்ளே இடமில்லை. விறகு கொண்டுபோகும் பெண்களோடு படிக்கட்டில் நின்று கேட்டேன். மூன்றாம் நாள் ஒந்த்ராஷ் என்ற இளம் ஆசிரியர் நம் பதினொன்றாம் அத்தியாயத்தை எடுத்துக்கொண்டார். நன்றாகப் பேசினார். ஆனால் தலைகீழாகச் சொன்னார். எது அழிந்தாலும் அதன் வகை அழிவதில்லை, தனித்தனி ஆள் போய்விடுகிறான், மனிதம் நிற்கிறது, இதுதான் அந்த ஆங்கிலேயரின் முடிவு என்றார். நாற்பது பேராவது குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள்.

அவர் இறங்கி வந்தபோது வழியில் நின்றேன்.

"ஐயா, அந்த அத்தியாயத்துல அப்படி இல்லீங்க. நீங்க சொன்னது அவரு கேக்குற கேள்வி. பதில் அதுக்கப்புறம் வருது."

"எந்த அத்தியாயம்?"

"பதினொண்ணு."

கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். ஒருவன், "விறகுக்காரம்மாவும் கட்சியில சேந்துட்டாங்கடா" என்றான். ஒந்த்ராஷ் சிரிக்கவில்லை.

"நீங்க படிச்சிருக்கீங்களா?"

"படிச்சேன்."

"லத்தீன்லயா?"

"அவரு நம்ம மொழியில எழுதலீங்களே."

"முழுசாவா? எனக்கே நாலு ஏட்டுக் குறிப்புதான் கிடைச்சுது." என் பக்கம் ஒரு படி வந்தார். "புத்தகத்தைக் காட்டுங்க. நாளைக்கே மேடையேறி நான் சொன்னது தப்புன்னு சொல்றேன்."

"எரிச்சுட்டாங்களே."

"அப்ப நீங்க சொல்றதும் நான் சொல்றதும் ஒண்ணுதான்மா" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். மேலங்கியைப் போர்த்திக்கொண்டு போய்விட்டார்.

அதனால் கேட்கிறேன். அந்தப் புத்தகத்தை எழுதியவன் நீ. பிராகில் உன்னைத் தெரியும், உன் முத்திரையைத் தெரியும். பதினொன்றாம் அத்தியாயத்தின் முடிவு இதுதான், நான் என் கையால் எழுதினேன் என்று நாலு வரி எழுதி அனுப்பு. பிரதி எடுத்தவனின் சாட்சியை அவர்கள் ஏற்பார்கள், பெட்ருஷா அம்மா மூலம் விசாரித்துவிட்டேன். ஒந்த்ராஷின் பாடம் ஈஸ்டருக்குள் ஊர் முழுக்கப் போய்விடும். அதற்குள் வந்தால் நல்லது. அதற்குப் பிறகு வந்தாலும் அனுப்பு.

மாக்னா


ஆக்ஸ்ஃபோர்டு
1411, மே, விண்ணேற்பு நாளுக்குப் பின்

மாக்னா,

நாலு தடவை எழுதிக் கிழித்தேன்.

உனக்கு ஒன்று சொல்கிறேன், வேறு யாரிடமும் சொல்லாதே. நான் அந்தப் புத்தகத்தைப் படிக்கவில்லை. எழுதினேன். கண் ஒரு சொல்லை எடுக்கும், கை இறக்கிவைக்கும், கண் அடுத்ததற்குப் போகும். வரி விட்டுப்போகாமல் இருக்க வேண்டும் என்பது மட்டும்தான் மனதில் இருக்கும். பொருள் பார்த்துக்கொண்டு எழுதுபவன் தன் சொல்லை நுழைத்துவிடுவான், அவன் நல்ல பிரதிக்காரன் இல்லை. ஊருக்கு வந்து, திருத்தி, உறை போட்டு, பிறகு நிதானமாகப் படிக்கலாம் என்று வைத்திருந்தேன். பதினொன்றாம் அத்தியாயத்தை எழுதிய வாரம் எனக்குப் பல்வலி இருந்தது. அதுதான் நினைவிருக்கிறது. திருத்த ஏட்டிலும் தேடினேன். "பதினொன்று: இரண்டாம் பிரதியில் இந்தப் பக்கங்கள் இல்லை" என்று எழுதிவைத்திருக்கிறேன்.

உனக்காகப் பொய்யாகவே நாலு வரி எழுதியிருப்பேன். அதற்கும் வழியில்லை. தவக்காலத்தில் இங்கே எல்லாரையும் சத்தியம் செய்யச் சொன்னார்கள். வெளிநாட்டவரை முதலில் கூப்பிட்டார்கள். அந்த மனிதரின் கருத்து எதையும் ஏற்கவில்லை, கற்பிக்க மாட்டேன், எழுத மாட்டேன், அவருக்காகச் சாட்சி சொல்ல மாட்டேன் என்று. எழுத்தர் நல்லவர். "என்ன இருக்குன்னு படிச்சுப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடுப்பா" என்றார். நான் பார்க்கவில்லை. மறுத்தவன் ஒருவனை விலங்கிட்டு நிறுத்தியிருந்ததை ஜன்னல் வழியாகக் காட்டினார்கள், அதுவரைதான் என் தைரியம். அந்தப் பட்டியல் பிராகுக்கும் வரும். என் முத்திரை இனி அங்கே எதற்கும் உதவாது.

இந்த முகத்தோடு ஊருக்கு வர முடியாது. ஒரு கம்பளி வியாபாரியிடம் கணக்கு எழுதுகிறேன். இடது கண் போய்விட்டது, வலது போதும் என்கிறார்.

நீ சொல்வதே சரியாக இருக்கும். அப்படியே வைத்துக்கொள்.

யேஷெக்


பிராக்
1411, செப்டம்பர், புனித வாட்ஸ்லாவ் திருநாள்

அண்ணா,

உன்னை யாரும் இங்கே கேட்கவில்லை. பட்டியல் வந்ததாகவும் தெரியவில்லை. நீ வரலாம். வர மாட்டாய் என்று தெரிந்தும் எழுதுகிறேன்.

கோடையில் ஒந்த்ராஷின் பாடத்தை நம் மொழியில் பெயர்த்து எழுதும் வேலை எங்கள் வீட்டுக்கு வந்தது. லத்தீன் தெரிந்தவள் நான் ஒருத்தி என்பதால் பெட்ருஷா அம்மா எனக்கே கொடுத்தார். "உனக்குப் பிடிச்ச விஷயந்தானடி" என்றார். இதுவரை ஐந்து பிரதி முடித்திருக்கிறேன். ஒவ்வொன்றிலும் அந்த இடம் வரும்போது உள்ளபடியே எழுதுகிறேன். என் சொல்லை நுழைக்கவில்லை.

இன்று வேலை இல்லை. நான் படித்த வரியை மறந்துவிடுவதற்குள் ஒரு துண்டுத் தோலில் எழுதிவைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். ஓஃப்கா இருக்கிறாள் என்ற பொருள் வரும்படி எழுதினேன். எழுதியபின் அது நான் படித்ததுதானா, நான் வேண்டிக்கொண்டதா என்று சந்தேகம் வந்தது. கீழே ஒந்த்ராஷ் சொன்னபடி எழுதிப் பார்த்தேன், எங்கே உறுத்துகிறது என்று கண்டுபிடிக்க. உறுத்தவில்லை. ஐந்து தடவை எழுதிய கை. வழுக்கிக்கொண்டு வந்தது.

இரண்டையும் சத்தமாகப் படித்தேன். இரண்டும் அவர் எழுதியது போலவே இருக்கின்றன. எது புத்தகத்தில் இருந்தது என்று எனக்கு இப்போது தெரியவில்லை.

மாக்னா